எழும்பூர்: குவிமாடத்தை விட்டுக் கீழே பார்ப்போம்

எழும்பூர் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் குவிமாடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்தோ-சாரசனிக் பாணி, வரைந்தவர் ஹென்றி இர்வின், உடன் இ. சி. பேர்டு, கட்டியவர் பெங்களூர் ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை, செலவு 17 லட்சம் ரூபாய், திறப்பு 1908 ஜூன் 11. இவற்றை அடுக்கி நடுவில் ஒரு படத்தைப் போட்டால் கட்டுரை தயார். (நிலையத்துக்கு முன்னால் ஓடும் காந்தி இர்வின் சாலையின் இர்வின் ஒரு வைஸ்ராய், கட்டடம் வரைந்த இர்வின் வேறு ஆள். இதைக் குழப்பி எழுதுகிறவர்களும் உண்டு.) தகவல்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதையெல்லாம் படித்துவிட்டு நிலையத்துக்குள் நுழைகிறவருக்குக் கட்டடம் ஏன் அப்படி நீண்டு கிடக்கிறது, எங்கே திடமாக இருக்கிறது, எங்கே நொந்துபோய்க்கொண்டிருக்கிறது என்று ஒன்றும் விளங்காது. பாணியின் பெயரைத் தெரிந்துகொண்டதோடு கட்டடத்தையே தெரிந்துகொண்டதாக நினைத்துவிடுகிறோம். இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

ரயில் நிலையம் கட்டுகிறவர்கள் உயரத்தைத் தரையிலிருந்து அளப்பதில்லை, தண்டவாளத்தின் தலையிலிருந்து அளக்கிறார்கள். நடைமேடை, கூரையின் விளிம்பு, நடைபாலத்தின் அடிப்பகுதி எல்லாமே வரைபடத்தில் ‘தண்டவாள மட்டத்துக்கு மேல் இத்தனை’ என்றுதான் குறிக்கப்படும். அந்த மட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் நிற்கிறது. தெரு உள்ளே வந்து கூடத்தின் தரையாகி, கூடத்தின் தரை நடைமேடையாகி, நடைமேடை பெட்டியின் படியைத் தொடும். எழும்பூரில் ஒரு காலத்தில் கார்கள் நடைமேடை ஓரம்வரை வந்து ஆளை இறக்கிவிட முடிந்தது என்று பெருமையாகச் சொல்வார்களே, அது வெறும் சொகுசுக் கதை இல்லை. தெருவுக்கும் ரயிலுக்கும் இடையில் மட்டம் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. அந்த மட்டம் மாறினால் கட்டடத்துக்கு என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று

சென்ட்ரலையும் எழும்பூரையும் ஒப்பிடும்போது கோதிக்கா, சாரசனிக்கா என்று பேசுவது வழக்கம். அதைவிடப் பெரிய வித்தியாசம் திசையில் இருக்கிறது. சென்ட்ரலில் தண்டவாளம் முட்டி நின்றுவிடும். 1873-இல் ஜார்ஜ் ஹார்டிங் நான்கு நடைமேடைகளோடு வரைந்ததில், பின்னால் ராபர்ட் சிஷோம் கைவைத்து, கோபுரங்களுக்குத் திருவாங்கூர்த் தொப்பி மாட்டி, மணிக்கூண்டையும் சேர்த்து, எல்லாம் முடிந்தபோது 1900 ஆகிவிட்டது. 136 அடி உயரக் கோபுரத்தோடு நிற்கும் அந்தக் கட்டடம் தண்டவாளங்களுக்குக் குறுக்கே நிற்கிறது. நடைமேடைக் கூரைகள் அதன் முதுகில் முனையால் மட்டுமே தொடுகின்றன.

எழும்பூர் அப்படியில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ரயில் கடந்து போகிற நிலையம் அது. அதனால் கட்டடம் தண்டவாளத்துக்கு இணையாக, ஏறத்தாழ 300 அடி நீளத்துக்கும் 71 அடி அகலத்துக்கும் படுத்திருக்கிறது. முன்பக்கம் முழுக்கத் தெருவுக்கு, பின்பக்கம் முழுக்க ரயிலுக்கு. இதனால் நிலையத்தின் புழக்கம் எளிதாகிறது. நுழைந்து நேராக நடந்தால் முதல் ரயில் கண்ணில் படும். மற்ற நடைமேடைகளுக்குத்தான் பாலம் ஏற வேண்டும். அதே காரணத்தால்தான் வம்பும் வருகிறது. செங்கல் கட்டடமும் இரும்புக் கூரையும் 300 அடிக்கு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது.

செங்கல்லும் இரும்பும் சேரும் இடம்

அந்தக் காலத்து நிலையங்கள் உண்மையில் இரண்டு கட்டடங்கள். முன்னால் இருப்பது கட்டடக்கலைஞரின் செங்கல்லும் சுண்ணாம்பும். பின்னால் இருப்பது பொறியாளரின் இரும்புத் தூணும் கைமரமும் தகரமும். முன்னதைப் படம் எடுக்கிறோம், பின்னதன் நிழலில் ரயிலுக்குக் காத்திருக்கிறோம். இரண்டும் சேரும் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் மழைத் தண்ணீர் வந்து கூடுவது அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 அடி என்றால் 91 மீட்டர். கட்டடத்தை நோக்கிச் சரியும் கூரையின் அகலம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 910 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழை மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கால் மணி நேரம் கொட்டினால் அந்த ஒரு சரிவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 22,750 லிட்டர் இறங்கும். இரண்டு பெரிய தண்ணீர் லாரி கொள்ளளவு. நொடிக்கு 25 லிட்டர். இத்தனையும் சுவரை ஒட்டி ஓடும் தகர வாய்க்காலில் விழுந்து, அங்கங்கே உள்ள குழாய் வழியாகக் கீழே போக வேண்டும். அக்காலத்து நடைமேடைக் கூரைகள் பலவற்றில் தனிக் குழாயே கிடையாது. வார்ப்பிரும்புத் தூண்களை உள்ளே பொள்ளலாக வார்த்து, அதன் வழியாகவே மழைத் தண்ணீரை இறக்கி, அடியில் வடிகாலில் சேர்த்துவிடுவார்கள். பார்க்க அழகு, இடமும் மிச்சம். ஆனால் தூணின் வாயில் புறா இறகும் எச்சமும் இலையும் தேநீர்க் கோப்பையும் அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து தெரியாது. தண்ணீர் தூணுக்குள்ளேயே தேங்கி நிற்கும். வார்ப்பிரும்பு உள்பக்கமிருந்து அரிக்கும். வெளியே புதுப் பெயிண்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்.

வாய்க்கால் நிரம்பி வழிவதைத் தடுக்க முடியாது. எந்தப் பக்கம் வழிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்க முடியும். வெளிப்பக்க உதடு உள்பக்கத்தைவிட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருந்தால் வழியும் தண்ணீர் நடைமேடையில் விழும். நாலு பேர் நனைவார்கள், புகார் வரும், வாய்க்காலைச் சுத்தம் செய்வார்கள். இரண்டு உதடும் சமமாக இருந்தாலோ, தகரத்தை மாற்றும்போது தலைகீழாகப் பொருத்திவிட்டாலோ, வழிகிற தண்ணீர் சத்தமில்லாமல் சுவரின் தலைக்குள் இறங்கும். யாரும் நனையாததால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். பழைய நிலையங்களின் மேல்மாடி அறைகளில் பின்பக்கச் சுவர் மட்டும் எப்போதும் பூசணம் பிடித்துக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வெயிலும் அந்தக் கோட்டில் வேலை செய்கிறது. 91 மீட்டர் நீள இரும்பு 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் நீளும். செங்கல் சுவர் அதில் பாதிகூட நீளாது. தினமும் இப்படி நீண்டு சுருங்குகிற இரண்டு பொருள்களுக்கு நடுவே சிமெண்டைக் குழைத்து அப்பினால் ஒரு கோடையில் விண்டுவிடும். சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி, அதாவது நீளவாக்கில் ஒரு பள்ளம், எடுத்து, ஈயத்தகட்டின் ஒரு விளிம்பைச் செருகிச் சுண்ணாம்பால் மூடி, மறு விளிம்பைத் தகரத்தின் மேல் ஒட்டாமல் தொங்கவிடுவதுதான் பழைய முறை. தகரம் அதன் அடியில் போய் வரும், தகடு அசையாது. இன்றைக்கு அந்த இடத்தில் தார் ஷீட்டை ஒட்டுகிறார்கள். இரண்டு மூன்று வெயிலில் அது வறண்டு உரிந்து வருகிறது.

மட்டம் மாறியபோது

இதுவரை சொன்னதெல்லாம் கட்டிய நாளிலிருந்து இருக்கிற சிக்கல்கள். எழும்பூர் போன்ற நிலையங்களின் ஆயுளில் பெரிய திருப்பம் அகலப்பாதை வந்ததுதான். தென்னிந்திய ரயில்வே கம்பெனி விழுப்புரம், திருச்சி, மதுரை என்று தெற்கே விரித்த பாதை மீட்டர் கேஜ். அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். எழும்பூர் அந்த உலகத்தின் தலைவாசல். 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓட ஆரம்பித்தபோதும் அது மீட்டர் கேஜில்தான். பிறகு 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை படிப்படியாக வந்தது. 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் புறநகர் ரயிலும் நின்றுபோனது. பயணிக்கு நல்லதுதான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

கட்டடத்துக்கு என்ன ஆனது என்பதை எண்ணில் பார்க்க வேண்டும். ரயில்வேயின் அளவு விதிப்படி மீட்டர் கேஜ் உயர்நடைமேடை தண்டவாளத்துக்கு மேல் 305 முதல் 405 மில்லிமீட்டர். அகலப்பாதைக்கு 760 முதல் 840. அந்த வித்தியாசமே ஏறத்தாழ ஒன்றரை அடி. இதோடு தண்டவாள மட்டமும் சும்மா இருப்பதில்லை. லேசான தண்டவாளத்துக்குப் பதில் கனமான தண்டவாளம், மரக்கட்டைக்குப் பதில் கான்கிரீட் கட்டை, அடியில் கூடுதல் ஜல்லி என்று ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அது சில அங்குலம் மேலே வர முயலும். பாதையைத் தோண்டித் தாழ்த்துவது சிரமம், உயர்த்துவது சுலபம். ஆக மீட்டர் கேஜுக்கென்று 1900-களில் கட்டிய நிலையக் கட்டடம் அதே இடத்தில் நிற்க, அதன் பின்வாசலில் தரை ஒன்றரை அடியோ அதற்கு மேலோ ஏறிவிடுகிறது. ஒரு நிலையத்தில் இது நடந்ததா என்று அறிய ஆவணம் தேவையில்லை. நடைமேடைத் தூணின் அடிப்பீடத்தைத் தேடுங்கள். பீடம் தெரியாமல் தூண் நேரே தளத்துக்குள் இறங்கினால் நடந்திருக்கிறது. வளைவுகளைப் பாருங்கள், ஆளின் தலைக்கு மேல் தாராளமாகத் தொடங்க வேண்டிய வளைவு கைக்கு எட்டும் உயரத்தில் தொடங்கினால் நடந்திருக்கிறது. கூடத்திலிருந்து நடைமேடைக்கு இறங்கு படிக்குப் பதில் ஏறுசரிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வளைவு குள்ளமாகத் தெரிவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஒரு தாழ்வாரத்தின் தூண் உயரம், வளைவின் அகலம், தரை மூன்றும் சேர்ந்ததுதான் அதன் லட்சணம். தரையை ஒன்றரை அடி உயர்த்தினால் 12 அடித் தூண் பத்தரை அடியாகிறது. கண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், எது என்று பிடிபடாது. அதன் மேல் தொங்குகூரை ஒன்றையும் அடித்து, மின்விசிறியையும் விளம்பரப் பலகையையும் மாட்டிவிட்டால் இர்வின் வந்தாலும் அடையாளம் தெரியாது.

ஆனாலும் அழகு கெட்டதைக் கட்டடம் தாங்கிக்கொள்ளும். ஈரத்தைத்தான் தாங்காது. பழைய சென்னைக் கட்டடங்களில் சுவரின் அடியில் கருங்கல் வரிசை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கருங்கல் தண்ணீரை உறிஞ்சாது. மண்ணின் ஈரம் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குப் போகாது. வெளித்தரையை உயர்த்தும்போது அந்தக் கருங்கல் வரிசை புதைந்துபோய், மண் நேராகச் செங்கல்லின் மேல் சாய்கிறது. அதுவும் என்ன மண்? நடைமேடைக்குள் நிரப்புவது பெரும்பாலும் இடிபாடு, மணல், பழைய நாட்களில் என்ஜின் சாம்பலும்கூட. நிலக்கரிச் சாம்பலில் கந்தக உப்பு இருக்கும். பெட்டிக் கழிவறைகள் பல பத்தாண்டுகள் பாதையில் திறந்து கொட்டியதால் பக்கத்து மண்ணில் நைட்ரேட் உப்பும் ஏறியிருக்கும். இது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கடல் அருகில் என்பதால் சோற்றுப்பும் உண்டு. பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பும் குழாய்கள் சொட்டிக்கொண்டே இருப்பதால் மண் கோடையிலும் காய்வதில்லை.

இந்த உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு மண்ணின் ஈரம், அதாவது ஓதம், சுவரில் ஏறும். மூன்று நான்கு அடி உயரத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். செங்கல்லின் நுண்துளைக்குள் படிகம் வளரும்போது அதன் அழுத்தத்தில் செங்கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. பழைய நிலையச் சுவர்களில் அடியும் நன்றாக இருக்க, உச்சியும் நன்றாக இருக்க, இடுப்பு உயரத்தில் மட்டும் ஒரு பட்டை பொடியாகக் கொட்டுவது இதனால்தான். சக்கரப்பெட்டி இடித்ததாலும் முதுகு உரசியதாலும் வந்தது என்று நினைத்து அங்கே கிரானைட் பலகை பதித்துவிடுவார்கள். ஓதத்துக்கு வெளியேற வழி அடைபட்டதும் அது பலகைக்கு மேலே ஏறி, அடுத்த பட்டையை உதிர்க்கத் தொடங்கும். அதையும் மூடப் பலகையை உயர்த்துவார்கள். ஒரு நிலையத்தில் பதிகல் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது என்றால் அங்கே எத்தனை முறை ‘சீர்திருத்தம்’ நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடியிலும் இதே நோய்தான். அக்காலத்துச் சென்னைக் கட்டடங்களின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை ஒன்றரை, இரண்டு அடி இடைவெளியில் கிடத்தி, அதன் மேல் ஓர் அங்குலத் தடிமனுள்ள சின்னச் செங்கற்களைச் சாய்வாட்டத்தில் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் கோத்து, மேலே மூன்று அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இது ஒழுகினால் ஒழுகும் இடத்துத் தட்டோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் அடித்துச் சேர்க்க வேண்டும். நடப்பது என்னவென்றால், பழையதை எடுக்காமலே மேலே புதிதாகச் சுர்க்கித் தளம், அதாவது செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த தளம். 75 மில்லிமீட்டர் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 140 கிலோவுக்குக் குறையாது. இரண்டு முறை போட்டால் தேக்குக் கட்டைகளின் தலையில் சதுர மீட்டருக்குக் கால் டன்னுக்கு மேல் கூடுதல் சுமை. கட்டை தொய்யும், நடுவில் தண்ணீர் தேங்கும், இன்னும் ஒழுகும். தளம் உயர்ந்ததில் கைப்பிடிச் சுவரில் மழைத் தண்ணீர் வெளியேறும் தூம்பு வாயும் பாதி புதைந்துவிடும். கீழே நடைமேடையை உயர்த்திச் செய்த அதே தப்பு மேலேயும்.

சாயமும் சிமெண்டும்

பாரம்பரியக் கட்டடத்தைப் புதுப்பித்தோம் என்று செய்தி வரும்போதெல்லாம் படத்தில் தெரிவது புது வண்ணம்தான். சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. இந்தப் பிளாஸ்டிக் பெயிண்ட் மழையை உள்ளே விடாது என்று விற்கிறார்கள். உள்ளே இருக்கிற ஈரத்தையும் அது வெளியே விடாது. பெயிண்டுக்குப் பின்னால் கொப்புளம் கட்டும், கொப்புளத்துக்குள் வெள்ளை உப்பு, அதைச் சுரண்டினால் செங்கல் தூளும் சேர்ந்து வரும். சிமெண்டுப் பூச்சு இன்னும் மோசம். அது செங்கல்லைவிடக் கடினமானது. சுவர் அசையும்போது எது மெத்தென்று இருக்கிறதோ அதுதான் உடையும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் பூச்சு உடையும், மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்டு இருந்தால் பின்னால் இருக்கிற நூற்றாண்டுச் செங்கல் உடையும். அதற்கு மாற்று இல்லை. பழைய பெயிண்டை எடுக்க மணல் பீய்ச்சுவதும் கூடாது. செங்கல்லின் சுட்ட மேல்தோல் அதோடு போய்விடும், பிறகு அது கடற்பஞ்சுதான்.

சரியான வேலைக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை மாற்றினால் பயனில்லை. முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். வாய்க்கால், தூண் குழாய், தூம்பு, பிறகு ஏசி. சென்னைப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் விடும். காத்திருப்பு அறையிலும் அலுவலகத்திலும் நாள் முழுக்க ஓடும் பத்து ஏசிகளின் குழாய் சுவர் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தால் அது ஒரு தனி மழைக்காலம். இரண்டாவது, சுவரை ஒட்டி ஓர் அடி, ஒன்றரை அடி அகலத்துக்கு நடைமேடைத் தளத்தை வெட்டி எடுத்து, பழைய கருங்கல் வரிசை தெரியும்வரை தோண்டி, அடியில் வடிகுழாயும் சரளையும் போட்டு, மேலே இரும்புக் கிராதி போட வேண்டும். பயணி கிராதி மேல் நடப்பார், சுவர் மூச்சுவிடும். நடைமேடைத் தளத்தைப் பெரும்பாலும் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது கட்டடத்தை நோக்கித்தான் சரிப்பார்கள். வண்டியோ பெட்டியோ உருண்டு பாதையில் விழாமலிருக்க அது தேவை. அந்தச் சரிவில் வரும் தண்ணீரையும் இந்தக் காடிதான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, சிமெண்டுப் பூச்சை ஓதக் கோட்டுக்கு மேல் இரண்டு அடிவரை உளியால் கையாலேயே எடுத்துவிட்டு, சுவரைச் சும்மா விட வேண்டும். இந்தச் சும்மா விடுவதைத்தான் யாராலும் செய்ய முடிவதில்லை. ஓர் அங்குலத் தடிமன் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. இரண்டு அடிச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தாலும் ஒரு வருஷம் பிடிக்கும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்த பிறகு எந்த ஒப்பந்தக்காரர் ஒரு வருஷம் வெறும் செங்கல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்? காய்கிற காலத்தில் காகிதக்கூழையோ களிமண்ணையோ ஈரமாக அப்பி, அது உலர்ந்து உப்பை உறிஞ்சியதும் உரித்துவிட வேண்டும். இரண்டு மூன்று சுற்று தேவைப்படும்.

கடைசியில்தான் பூச்சு. நீற்றிக் குறைந்தது மூன்று வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரைப் பங்கு. ஈரம் முழுக்கப் போகாத சுவர் என்றால் கொஞ்சம் குறைவாகச் சுட்ட செங்கல்லின் தூள் அரைப் பங்கு முதல் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். வெறும் சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், அதுவும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில். செங்கல் தூள் சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அவை கலவையைக் குழைவாக்கும், சட்டென்று வறண்டு விடாமல் காக்கும். அடியில் குழாய் ஒழுகும் சுவரை எந்தக் கடுக்காயும் காப்பாற்றாது. பூசுவதற்கு ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். சுவரை முதல் நாளே நனைத்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசி, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, அடுத்த தடவைக்கு ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்டை அடித்தால் முதலிலிருந்து செய்ததெல்லாம் வீண். சுண்ணாம்பு அடிக்கலாம், காவி கலந்தும் அடிக்கலாம்.

யாருடைய வேலை?

இதெல்லாம் தெரியாமல் நடக்கவில்லை என்பதுதான் என் கணிப்பு. தண்டவாளம் ‘பி.வே’ (பெர்மனன்ட் வே) எனும் பாதைப் பிரிவு ஆட்களுடையது, கட்டடம் ‘ஒர்க்ஸ்’ எனும் கட்டடப் பிரிவு ஆட்களுடையது, விளக்கும் விசிறியும் ஏசியும் மின்பிரிவினுடையது. பி.வே பாதையை ஆறு அங்குலம் உயர்த்தும்போது அவர்கள் கணக்கில் அது நல்ல பாதை. அதற்கேற்ப நடைமேடையை உயர்த்தும்போது ஒர்க்ஸ் கணக்கில் அது விதிக்குப் பொருந்திய நடைமேடை. சுவரின் அடியில் புதைந்த கருங்கல் வரிசை யாருடைய பதிவேட்டிலும் இல்லை. இன்னொன்று விலைப்பட்டியல். சிமெண்டுப் பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று பட்டியலில் அச்சாகி இருக்கிறது, எடுத்து எழுதினால் போதும். பழைய முறைச் சுண்ணாம்புப் பூச்சு என்றால் பட்டியலுக்கு வெளியே தனியாக விலை ஆய்வு செய்து, காரணம் எழுதி, மேலே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் பொறியாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. பழைய கட்டடங்களில் சிமெண்டு ஜெயிப்பதற்கு அறியாமையைவிட இந்தப் பட்டியல்தான் பெரிய காரணம்.

ராயபுரத்தை நினைத்துப் பார்க்கலாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய நிலையம். நாட்டில் இன்னும் நிற்கிற நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. பல காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 2005-இல் செப்பனிடப்பட்டது. கைவிடப்பட்ட கட்டடம் இத்தனை நாள் தாங்கியதில் எனக்குப் பெரிய வியப்பு இல்லை. யாரும் தொடாத காலத்தில் அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் கிரானைட்டும் ஏறவில்லை. அதிகம் பயன்படுகிற, அடிக்கடி ‘கவனிக்கப்படுகிற’ எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும்தான் ஆபத்து கூடுதல்.

எழும்பூர் மறுசீரமைப்புக்கு 2022 மே 26-இல் அடிக்கல் நாட்டினார்கள். பழைய முகப்பு அப்படியே இருக்கும், சுற்றிலும் மேலேயும் புதிய கட்டுமானம் வரும் என்பது திட்டம். முகப்பு இருக்குமா என்பதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். முகப்பு இருக்கும். நான் கவலைப்படுவது வேறு மூன்று விஷயங்களுக்கு. புதுக் கூரைகளின் மழைத் தண்ணீர் பழைய வாய்க்காலில் வந்து விழக் கூடாது. 1908-இன் தூண் குழாய்கள் 1908-இன் கூரைக்கே திணறுகின்றன. புதிய தளம் பழைய சுவரைத் தொடக் கூடாது, ஒன்றரை அடியாவது தள்ளி நின்று இடையில் கிராதி போட்ட காடி வர வேண்டும். கட்டடத்தின் நான்கு மூலையிலும், நடுவில் சில இடங்களிலும், பழைய தரை மட்டம் எது, தண்டவாள மட்டம் அன்றைக்கு எவ்வளவு இருந்தது என்று சுவரில் பித்தளைக் குமிழ் பதித்துக் குறித்துவைக்க வேண்டும். ஒப்பந்த ஆவணத்தில் மூன்றுக்கும் சேர்த்து அரைப் பக்கம் போதும். கடைசியாகச் சொன்ன குமிழுக்கு ஆகும் செலவு ஒரு நடைமேடைப் பலகையின் விலைகூட வராது. அடுத்த முறை பாதையை உயர்த்த ஜல்லி வண்டி வந்து நிற்கும்போது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பி.வே மேற்பார்வையாளர் டேப்பை வைத்து அளந்து பார்க்கலாம்.